இந்த நூல் யாருடையது? பழைய யூத நூல்களின் உரிமைக் குறிப்புகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

பழைய எபிரேய நூல் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் தேடுவது அது எந்த ஊரில், எந்த ஆண்டில் அச்சானது என்பதைத்தான். அந்த விவரம் நூலக அட்டவணையிலேயே கிடைத்துவிடும். ஒரே பதிப்பின் எல்லாப் பிரதிகளுக்கும் அது ஒன்றேதான். ஆனால் அட்டையைத் திறந்தவுடன் வரும் வெற்றுத்தாளில், பழுப்பேறிய மையில், யாரோ சாய்வாக எழுதிவிட்டுப் போன இரண்டு வரி இருக்கிறதே, அது அந்த ஒரு பிரதிக்கு மட்டுமே சொந்தம்.

யூத நூல்களில் அந்த இரண்டு வரிக்குக் கனம் அதிகம். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது நூல்களும் அவர்களோடு கடல் கடந்தன. 1553 செப்டம்பர் 9 அன்று, யூதப் புத்தாண்டு நாளில், ரோம் நகரச் சதுக்கத்தில் தல்மூத் என்ற யூதச் சமயச் சட்ட விவாதத் தொகுப்பின் பிரதிகள் குவித்து எரிக்கப்பட்டன. நாஜிகள் காலத்தில் லட்சக்கணக்கான வீடுகளின் அலமாரிகள் காலி செய்யப்பட்டன. பல சமயம் ஆள் போய்விட்டார், நூல் நின்றுவிட்டது. ஒரு மனிதர் இந்த உலகில் இருந்தார் என்பதற்கு எஞ்சியிருக்கும் கையெழுத்து அந்த வெற்றுத்தாளில் உள்ளது ஒன்றாகவே இருக்கலாம். அதனால்தான் இந்த வேலையை நிதானமாகச் செய்யவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யார், எங்கே, எப்போது. மூன்றுக்கும் விடை கிடைத்தால் அந்த நூலின் பயணத்தில் ஒரு காலடித் தடம் பதிவாகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமைந்துள்ள 'ஃபுட்பிரின்ட்ஸ்' என்ற தரவுத்தளம் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒரு நூல், ஒரு நேரத்தில், ஓர் இடத்தில், ஒருவர் கையில் இருந்ததற்கான ஒவ்வொரு சான்றும் அங்கே ஒரு தனிப் பதிவு. பெயர் மட்டும் கிடைத்து இடமும் காலமும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அது பாதித் தடம். அதையும் விட்டுவிடக் கூடாது.

எபிரேயம் தெரியாதே என்று தயங்க வேண்டாம்

இருபத்திரண்டு எழுத்துகள், சொல்லின் கடைசியில் வரும்போது வடிவம் மாறும் ஐந்து எழுத்துகள், திரும்பத் திரும்ப வரும் சில பத்துச் சுருக்கங்கள். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். கடினம் எழுத்தில் இல்லை, கையெழுத்தில்தான். அச்சில் சதுரமாக நிற்கும் எழுத்துகள் கையெழுத்தில் உருமாறிவிடும். ஜெர்மனி, போலந்துப் பகுதி அஷ்கெனாசி யூதர்களின் கையெழுத்து ஒரு மாதிரி, ஸ்பெயின் வழிவந்த செபார்தி யூதர்களின் கையெழுத்து வேறு மாதிரி, இத்தாலி யூதர்களுடையது இன்னொரு மாதிரி. மூன்றுக்குமான எழுத்து அட்டவணைகளை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அட்டவணையோடு குறிப்பு பொருந்துகிறது என்பதே எழுதியவர் எந்த மரபில் வளர்ந்தவர் என்பதற்கு முதல் தடயம்.

பழகுவதற்கு விலைமதிப்புள்ள நூல் எதுவும் கையில் இருக்கவேண்டியதில்லை. ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகமும், ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழக நூலகமும் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை முழுமையாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. மதுரையிலோ மட்டக்களப்பிலோ உட்கார்ந்துகொண்டு தினம் பத்து வெற்றுத்தாள்களைப் பார்க்கலாம். கண் பழகப் பழகக் கோடுகள் எழுத்தாகும்.

முதல் படி: சரியான பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

எபிரேய நூல் வலமிருந்து இடமாகத் திறக்கும். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் அதன் முன்னட்டை. ஐரோப்பிய நூலகங்களில் எபிரேயம் அறியாத பணியாளர்கள் முத்திரையையும் உரிமைச் சீட்டையும் (பெயர் அச்சிட்டு ஒட்டும் தாள்) தவறான முனையில் பதித்திருப்பதை அடிக்கடி காணலாம். ஆகவே இரு முனைகளையும் ஒரே கவனத்தோடு பாருங்கள்.

பார்க்கவேண்டிய இடங்கள்: இரண்டு அட்டைகளின் உட்புறம், முன்னும் பின்னும் உள்ள வெற்றுத்தாள்கள், தலைப்புப் பக்கத்தின் நான்கு ஓரங்கள், அந்தப் பக்கத்தின் பின்புறம், நூலின் கடைசி அச்சுப் பக்கம், முதுகுத் தோல், தாள்களின் வெட்டு விளிம்பு. அட்டைத் தோலில் பொன்னெழுத்தாகப் பெயரின் முதலெழுத்துகள் இருக்கலாம். பாஸ்கா இரவில் வாசிக்கும் ஹக்கதா நூல் என்றால் திராட்சை மதுக் கறை படிந்த பக்கங்களின் ஓரங்களையும் விடாதீர்கள். குடும்பமே கூடி உட்கார்ந்து பயன்படுத்திய நூல் அது, குழந்தைகள் எழுதிப் பழகிய கிறுக்கல்கள் அங்கேதான் அகப்படும். பிரார்த்தனை நூல்களின் வெற்றுத்தாளில் பிள்ளைகள் பிறந்த தேதிகளையும் பெற்றோர் இறந்த தேதிகளையும் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அப்படி ஒரு தாள் கிடைத்தால் அது ஒரு குடும்பத்தின் பிறப்பு இறப்புப் பதிவேடு.

இரண்டாம் படி: தொடும் முன் படமெடுங்கள்

கைப்பேசிக் கேமரா போதும். நேராக ஒரு படம், பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம். சாய்ந்த ஒளியில் சுரண்டி அழித்த இடங்களும், பேனா அழுத்திய பள்ளங்களும் தெரியும். அருகில் ஓர் அளவுகோலை வைத்தால் முத்திரையின் அளவு பின்னால் உதவும். மை மங்கியிருந்தால் புற ஊதா விளக்கைச் சில நொடிகள் மட்டும் காட்டிப் பாருங்கள். பழைய இரும்பு மை அந்த ஒளியை விழுங்கிக்கொள்ளும், தாள் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாமல் போன பெயர் கருமையாக எழுந்து வரும். அந்த நொடியை ஒருமுறை பார்த்தவர் இந்த வேலையை விடமாட்டார்.

மையைத் தெளிவாக்குகிறேன் என்று எந்தத் திரவத்தையும் தடவாதீர்கள். ஒட்டிய சீட்டைப் பெயர்க்காதீர்கள், அதன் அடியில் இன்னொரு சீட்டு இருப்பது தெரிந்தாலும் சரி. அது பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரின் வேலை.

மூன்றாம் படி: எழுதியவரெல்லாம் உரிமையாளர் இல்லை

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. 16, 17ஆம் நூற்றாண்டு எபிரேய நூலின் கடைசிப் பக்கத்தில் இத்தாலிய மொழியில், ரோமன் எழுத்தில், சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்தும் ஓர் ஆண்டும் இருக்கும். பார்த்தவுடன் இவர்தான் நூலுக்குச் சொந்தக்காரர் என்று தோன்றும். இவர் தணிக்கையாளர். தல்மூத் எரிப்புக்குப் பிறகு இத்தாலியில் யூதர்கள் தங்கள் நூல்களைக் கத்தோலிக்கத் திருச்சபை நியமித்த தணிக்கையாளர்களிடம் காட்டி, ஆட்சேபத்துக்குரிய வரிகளை அடித்து, கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. 'ரெவிஸ்தோ', அதாவது பார்வையிடப்பட்டது, என்ற சொல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பெயர்கள் விரைவில் பழகிவிடும். தொமெனிகோ இரோசோலிமித்தானோ, கமில்லோ யாகெல், லூயிஜி தா பொலோஞ்ஞா. இவர்களில் தொமெனிகோ யூதராகப் பிறந்து மதம் மாறியவர், நீக்கவேண்டிய பகுதிகளின் பட்டியலை ஒரு கையேடாகவே தொகுத்தவர். ஒரே நூலில் மூன்று தணிக்கையாளர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் கையெழுத்திட்டிருப்பதும் உண்டு. உள்ளே அவர்கள் அடித்த வரிகளில் மை காலப்போக்கில் வெளிறி, அடியிலிருந்த அச்செழுத்து மீண்டும் எட்டிப்பார்ப்பதையும் காணலாம்.

உரிமையாளர் இல்லை என்பதால் தணிக்கையாளரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் விடை தருகிறார். சரயேவோ ஹக்கதா என்ற புகழ்பெற்ற ஓவியச் சுவடி 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் உருவானது. 1894இல் சரயேவோ அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது. இடையில் அது இத்தாலிக்குப் போயிருந்தது எப்படித் தெரியும்? ஜொவான்னி தொமெனிகோ விஸ்தொரீனி என்ற தணிக்கையாளர் 1609இல் இட்ட கையெழுத்து அதில் இருக்கிறது.

இன்னொரு பொறி, தலைப்புப் பக்கத்து ஊர்ப்பெயர். 'ஆம்ஸ்டர்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில் 'எழுத்துருக்களால்' என்று ஒரு சொல் இருக்கும். ஆம்ஸ்டர்டாம் அச்சுக்கு நல்ல பெயர் இருந்ததால் மற்ற ஊர் அச்சகத்தார் செய்த வேலை இது. அச்சான ஊரே இப்படி ஏமாற்றும் என்றால், உரிமையாளர் ஊரை அதிலிருந்து ஊகிப்பது எவ்வளவு தவறு என்று பாருங்கள். உரிமையாளரின் ஊர் அவர் கையெழுத்திலிருந்து மட்டுமே வரவேண்டும்.

நான்காம் படி: வாய்பாடுகளை அடையாளம் காணுங்கள்

உரிமைக் குறிப்புகள் பெரும்பாலும் பழகிய வாய்பாட்டில்தான் தொடங்கும். மிக அதிகமாகக் காண்பது 'லா-ஷேம் ஹா-ஆரெத்ஸ் உ-மெலோஆ'. 24ஆம் சங்கீதத்தின் முதல் வரி அது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு 'பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது' என்று உடனே நினைவுக்கு வரும். நூலின் சொந்தக்காரர் தன் பெயரை எழுதும் முன், எல்லாமே இறைவனுடையது, இது என் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்கிறார். இடைக்கால ஜெர்மனியின் ரப்பி (யூத மதகுரு) யூதா ஹெ-ஹசீத் பெயரில் வழங்கும் உயிலில், நூலில் 'இது என்னுடையது' என்று எழுதாதே, பெயரை மட்டும் எழுது என்ற அறிவுரை உண்டு. இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொரு வாய்பாடு நேர் எதிரான குரலில் பேசும். 'ஒருவன் எப்போதும் தன் நூலில் தன் பெயரை எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தையிலிருந்து எவனாவது வந்து இது என்னுடையது என்பான்' என்று முழு வாக்கியமாகவே எழுதியிருப்பார்கள். இதுவும் நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த சொற்றொடர். ஆகவே இதைப் பார்த்துவிட்டு, இந்த மனிதர் திருட்டுப் பயத்தில் வாழ்ந்தார் என்று கதை கட்டிவிடாதீர்கள்.

எப்படிக் கைமாறியது என்பதைச் சொல்லும் சொற்கள் நான்கைந்து போதும். 'கனீத்தி' என்றால் வாங்கினேன். 'மத்தானா' பரிசு. 'யெருஷா' பரம்பரைச் சொத்து. 'ஹிகீயா லெ-ஹெல்கி' என்றால் என் பங்குக்கு வந்தது. இந்தக் கடைசிச் சொற்றொடர் இருந்தால் தந்தையின் நூல்களைப் பிள்ளைகள் பாகம் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு தொகுப்பின் முதல் பாகம் உங்கள் கையிலும் இரண்டாம் பாகம் வேறு நாட்டு நூலகத்திலும் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தொழுகைக்கூடத்துக்கு அர்ப்பணித்த நூலில் 'விற்கப்படவும் மீட்கப்படவும் கூடாது' என்ற வரி வரும். அலெப்போ நகரத்தின் புகழ்பெற்ற வேதச் சுவடியில் இந்த வரியோடு, காப்பவனுக்கு ஆசியும் திருடுபவனுக்குச் சாபமும் இருந்தன.

ஐந்தாம் படி: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

தமிழ் வாசகருக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாமல், தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து ஒருவரை அடையாளம் காண்பது நமக்குப் புதிதில்லை. மத்திய ஐரோப்பிய யூதர்களில் பலருக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நிலையான குடும்பப் பெயர் கிடையாது. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787இல் ஆணையிட்டார், பிரான்சில் 1808இல் நெப்போலியன், பிரஷ்யாவில் 1812. அதற்கு முன் எழுதிய பெயரில் 'பர்' அல்லது 'பென்' என்று மகன் உறவும், 'பத்' என்று மகள் உறவும் வரும்.

எழுத்துக் கூட்டத்தில் கடைசி எழுத்துக்கு முன் இரண்டு சிறு கோடுகள் தெரிந்தால் அது சுருக்கம் அல்லது எண். 'காட்ஸ்' என்ற சுருக்கம் பழைய எருசலேம் ஆலயத்து ஆசாரியர் வம்சத்தையும், 'செகல்' என்பது அங்கே துணைப்பணி செய்த லேவியர் வம்சத்தையும் காட்டும். பெயருக்குப் பின் சாமெக், தெத் என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் செபார்தி யூதர். தந்தை பெயருக்குப் பின் ஸாயின், லாமெத் இருந்தால் 'நினைவு ஆசீர்வதிக்கப்படுவதாக' என்று பொருள், அதாவது குறிப்பு எழுதப்பட்டபோது தந்தை உயிரோடு இல்லை.

ஒருவருக்கே இரண்டு பெயர் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தொழுகைக்கூடத்தில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று. ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் பிள்ளைகளை ஆசீர்வதிக்கும் இடம்தான் இதற்குச் சாவி. 'யூதா பாலசிங்கம்' என்பதால் யூதா என்பவர் வீட்டில் லேய்ப் அல்லது லோப், அதாவது சிங்கம். 'நப்தலி விடுதலைபெற்ற பெண்மான்' என்பதால் நப்தலி வெளியில் ஹிர்ஷ், மான். பென்யமீன் ஓநாய், ஆகவே வோல்ஃப். எபிரேயத்தில் நப்தலி என்று கையெழுத்திட்டவரை அரசு ஆவணத்தில் நப்தலி என்றே தேடினால் கிடைக்காமல் போகலாம்.

பெண்களின் பெயர்களைத் தனிக் கவனத்தோடு தேடுங்கள். அஷ்கெனாசி யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷ் மொழிப் பிரார்த்தனை நூல்களிலும், பெண்கள் விரும்பிப் படித்த வேதக் கதை நூல்களிலும் அவை வரும். அறிஞர்களின் பெயர்கள் வேறு எங்கும் கிடைக்கும். ஒரு சிற்றூர்ப் பெண்ணின் பெயர் அவள் சொந்தக் கையால் எழுதப்பட்டு வேறெங்கே கிடைக்கும்?

ஆறாம் படி: ஆண்டைக் கணக்கிடுங்கள்

எபிரேய எழுத்துகளே எண்களும் ஆகும், நம் பழைய நூல்களில் 'க' ஒன்றாகவும் 'உ' இரண்டாகவும் நின்றதுபோல. வேறுபாடு, இங்கே எழுத்துகளின் மதிப்புகளைக் கூட்டவேண்டும். யூத ஆண்டில் ஆயிரங்களை விட்டுவிட்டு எழுதுவார்கள், அதற்குச் 'சிறு கணக்கு' என்று பெயர். கூட்டி வந்த எண்ணோடு 1240ஐச் சேர்த்தால் பொது ஆண்டு கிடைக்கும். யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் மாதங்கள் குறிக்கப்பட்டிருந்தால் 1239ஐச் சேருங்கள். நாளைக் குறிக்க அந்த வாரம் தொழுகைக்கூடத்தில் வாசித்த வேதப் பகுதியின் பெயரைச் சொல்வதும் வழக்கம். 'நோவா' வாரம் என்றால் இலையுதிர் காலம்.

இனி, நானே அமைத்த ஒரு மாதிரிக் குறிப்பை இதுவரை கற்றதை வைத்துப் படிப்போம். தலைப்புப் பக்கத்தின் மேல் ஓரத்தில் இப்படி இருக்கிறது என்று கொள்ளுங்கள்: 'பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது. நப்தலி பர் யூதா, ஸாயின் லாமெத், செகல். இங்கே, பரிசுத்த சபை பிராக். தாவ் கோஃப் நூன் பேத், சிறு கணக்கின்படி.'

தாவ் 400, கோஃப் 100, நூன் 50, பேத் 2. கூட்டினால் 552. அதோடு 1240 சேர்த்தால் 1792. பிராக் நகரில், லேவியர் வம்சத்தில் வந்த நப்தலி, தந்தை யூதா அதற்குள் காலமாகிவிட்டார். 1787 ஆணைக்குப் பிந்தைய ஆண்டு, ஊரும் ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. ஆகவே இவருக்கு ஆவணத்தில் ஒரு குடும்பப் பெயர் இருந்திருக்க வேண்டும். அங்கே இவரை ஹிர்ஷ் என்றும், தந்தையை லோப் என்றும் தேடவேண்டும். நான்கு வரியிலிருந்து இவ்வளவு வந்துவிட்டது. தந்தை 1792க்குள் இறந்துவிட்டார் என்ற ஒரு செய்தியே, பிராக் கல்லறைக் கற்களில் எந்தக் காலப் பகுதியைப் புரட்டவேண்டும் என்று சொல்லிவிடும்.

ஏழாம் படி: முத்திரைகளும் சீட்டுகளும்

உரிமைச் சீட்டு என்பது பெயரும் சித்திரமும் அச்சிட்டு அட்டையின் உட்புறத்தில் ஒட்டும் தாள். யூதர்களின் சீட்டுகளில் பழையவற்றுள் ஒன்று, போர்ட்ஸ்மத் ஊர்ச் செதுக்குக் கலைஞர் பெஞ்சமின் லீவை 1746இல் லண்டனின் ஐசக் மென்டெஸுக்காகச் செய்தது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எஃப்ரயிம் மோசஸ் லிலியன் வரைந்த சீட்டுகளுக்குத் தனிச் சேகரிப்பாளர்களே உண்டு. அழகான சீட்டைக் கண்டால் மயங்கி நின்றுவிடாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள பென்சில் எண்களையும் பாருங்கள். நூலக அடுக்கு எண் பல சமயம் பெயரைவிட அதிகம் சொல்லும். ஆக்ஸ்ஃபர்டின் பாட்லியன் நூலகத்தில் 'ஒப்' என்று தொடங்கும் அடுக்கு எண் இருந்தால், அந்த நூல் பிராக்கின் தலைமை ரப்பி டேவிட் ஒப்பன்ஹைம் சேர்த்த நூலகத்திலிருந்து 1829இல் வாங்கப்பட்ட தொகுப்பைச் சேர்ந்தது.

முத்திரைகளில் வட்டத்தைச் சுற்றி ஓடும் எழுத்தை முழுவதும் படிக்கமுடியாவிட்டாலும் வடிவத்தை அப்படியே பதிவு செய்யுங்கள். வடிவத்தை மட்டும் வைத்தே லட்சக்கணக்கான நூல்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரில், மைன் ஆற்றங்கரைக் கட்டடம் ஒன்றில், நாஜிகள் கொள்ளையடித்த நூல்களை அமெரிக்க ராணுவம் குவித்தது. 1946 மார்ச்சில் தொடங்கிய அந்தக் கிடங்கின் வழியாக முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் கடந்தன. முதல் பொறுப்பாளர் ஆவணக் காப்பாளர் சீமோர் பொம்ரென்ஸ். அவருக்குப் பின் வந்த ஐசக் பென்கோவிட்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். தரம்பிரிக்கும் பணியாளர்களுக்கு எபிரேயம் தெரியாது. ஆகவே முத்திரைகளையும் சீட்டுகளையும் படமெடுத்து, ஒவ்வொருவரும் சிலவற்றின் உருவத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளச் செய்தார். நூல் கைக்கு வந்ததும் திறந்து பார்த்து, தன் முத்திரை இருந்தால் தன் பெட்டியில் போடவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் தள்ளவேண்டும். அந்தப் படங்கள் நாடு வாரியாக ஆல்பங்களாக இன்றும் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். உங்களுக்குப் புரியாத முத்திரையை முதலில் அங்கே ஒப்பிடுங்கள்.

அந்தக் கிடங்கிலிருந்து ஆம்ஸ்டர்டாமின் ரோசென்தாலியானா நூலகம் வீடு திரும்பியது. லித்துவேனியாவின் வில்னாவிலிருந்து கொள்ளைபோன ஸ்த்ராஷூன் நூலகத்தின் நூல்கள் நியூயார்க்கில் உள்ள யீவோ என்ற யூத ஆய்வு நிறுவனத்துக்குப் போயின. உரிமையாளரோ வாரிசோ கிடைக்காத ஏறத்தாழ ஐந்து லட்சம் நூல்களை யூதப் பண்பாட்டு மறுசீரமைப்பு நிறுவனம் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் வேறு நாடுகளுக்கும் பிரித்தனுப்பியது. அதன் நிர்வாகச் செயலாளராக இருந்தவர் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட். அந்த நிறுவனத்தின் சிறு சீட்டு ஒட்டிய நூல் உங்கள் கையில் வந்தால், அதற்கு முந்தைய பெயர் எங்காவது உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகத் தேடுங்கள். ரோம் யூதச் சபையின் நூலகம் 1943 அக்டோபரில் ரயிலேற்றப்பட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கோ ஓர் அலமாரியில் அதன் முத்திரை யாரும் பாராமல் கிடக்கலாம்.

எட்டாம் படி: சந்தேகம் வந்தால்

1933க்கும் 1945க்கும் இடையில் ஐரோப்பாவில் கைமாறியிருக்கக்கூடிய நூல் எதுவானாலும் கொஞ்சம் நின்று பாருங்கள். பெர்லின் நகர நூலகம் 1943இல், நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீடுகளிலிருந்து எடுத்த ஏறத்தாழ நாற்பதாயிரம் நூல்களை நகர அடகு நிலையத்தின் வழியாகப் பெற்றது. அவற்றில் ஒரு பகுதி தனி வரவுப் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பதிவேட்டின் அடையாளம் ஒற்றை எழுத்து, யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தான J. அந்த எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும். பார்த்தால் சாதாரண அலுவலகக் குறி.

அந்த நூலகத்தில் கண்டெடுத்த ஒரு சிறுவர் நூலில், 1937 ஹனுக்கா பண்டிகைக்காக ஒரு பையனுக்குப் பரிசளித்ததாகக் கையால் எழுதிய வரி இருந்தது. அந்தப் பையன் முகாம்களிலிருந்து உயிர்தப்பி, அமெரிக்காவில் முதுமையடைந்திருந்தார். 2009இல் நூல் அவர் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. முழுப் பெயரும் ஆண்டும் அந்த வரியில் இருந்ததால்தான் அது நடந்தது.

ஆகவே இப்படிப்பட்ட பெயர் கிடைத்தால் ஜெர்மன் நூலகங்கள் கூட்டாக நடத்தும் 'லூட்டெட் கல்ச்சுரல் அசெட்ஸ்' தரவுத்தளத்திலும், நாஜிப் படுகொலையில் இறந்த யூதர்களுக்கான யாத் வஷேம் நினைவகத்தின் பெயர்த் தரவுத்தளத்திலும் தேடுங்கள். நூல் ஒரு நூலகத்துடையது என்றால் அதன் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். உங்களுடையது என்றால், விற்பதை நிறுத்திவைத்துவிட்டு விசாரியுங்கள். வாரிசுகளின் முகவரியைக் கண்டுபிடித்துவிட்டாலும் அதைப் பொதுவெளியில் போடவேண்டாம். அந்தச் செய்தி அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரவேண்டும் என்பதில் மென்மை தேவை.

நம் பக்கத்துக் கடற்கரைக்கு ஒரு சிறு விலகல். 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரெய்ரா தெ பைவா தலைமையில் ஒரு குழு கொச்சிக்கு வந்து அங்குள்ள யூதர்களைச் சந்தித்தது. அதன்பின் அந்த நகரத்திலிருந்து நூல்கள் கொச்சிக்கு வந்தன, 18ஆம் நூற்றாண்டில் கொச்சி வழக்குப்படியான பிரார்த்தனை நூல்களே ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நூல்களும் போயின. ஆம்ஸ்டர்டாம் அச்சு, செபார்தி சாயலில் கையெழுத்து, ஓரத்தில் மலையாள எழுத்து, இம்மூன்றும் ஒரு நூலில் சேர்ந்து வந்தால் தமிழ் வாசகர் ஒருவர் அதை மற்றவர்களைவிட விரைவில் இனங்காண முடியும். மலையாள எழுத்தைக் கிறுக்கல் என்று அட்டவணைக்காரர் ஒதுக்கியிருக்கக்கூடும். நம் கண்ணுக்கு அது தப்பாது.

ஒன்பதாம் படி: பதிவு

கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், அந்தப் பிழை எழுதியவரின் உச்சரிப்பைக் காட்டக்கூடும். படிக்க முடியாத எழுத்துக்குப் பதில் புள்ளி வையுங்கள், ஊகித்தால் அது ஊகம் என்று குறிப்பிடுங்கள். எந்தத் தாள், எந்த ஓரம், என்ன நிற மை, யாருடைய கை என்று பிரித்து எழுதுங்கள். ஒரே பெயர் பத்துமுறை இருந்தால் பத்தையும் குறியுங்கள், அது கையெழுத்துப் பழகிய ஒரு பிள்ளையாக இருக்கலாம். பின்னர் படங்களோடு ஃபுட்பிரின்ட்ஸ் போன்ற தளத்துக்கு அனுப்புங்கள். உங்களால் படிக்க முடியாத பெயரை, அதே கையெழுத்தை வேறொரு நூலில் பார்த்த இன்னொருவர் ஒரே நிமிடத்தில் படித்துவிடுவார்.

ஒரே பக்கத்தில் நான்கைந்து பெயர்கள் இருந்தால் வரிசைப்படுத்த ஒரு வழி சொல்கிறேன். புதிதாக வாங்கியவர் பழையவரின் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் தன் பெயரை எழுதுவார். ஆகவே நடுவில் தாராளமாக இடம் எடுத்துக்கொண்டவர் பெரும்பாலும் முதலாமவர், ஓரத்தில் நெருக்கி எழுதியவர் பிந்தியவர். அடிபட்ட பெயரிலிருந்து தொடங்குங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கோட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக, வலமிருந்து இடமாக.